அப்பீல் நடக்கும்போது ஜொப்சென்ரர் நேர்காணல்: பிரித்தானியாவில் சுகவீன உதவி மறுக்கப்பட்டவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"நீங்கள் வேலை செய்யத் தகுதியானவர்" என்ற முடிவு வந்த கையோடு யூனிவேர்சல் கிரெடிற் உதவிப்பணத்தின் இணையப் பதிவேடான ஜேர்னலில் இன்னொரு செய்தியும் வந்துவிடும்: அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு ஜொப்சென்ரர் என்ற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உங்கள் அதிகாரியான வேர்க் கோச்சைச் சந்திக்க வரவும். முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்தவருக்கும், வாசற்படி தாண்டினாலே நெஞ்சு படபடப்பவருக்கும் அதே செய்திதான். எம்மவர்களில் சிலர், "அப்பீல் போட்டாயிற்று, முடிவு வரும்வரை போகத் தேவையில்லை" என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், போனால் வேலை செய்ய முடியும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள்.

இரண்டுமே பிழை. அப்பீல் போட்டதால் நேர்காணல் கடமை தானாக நிற்காது. போவதால் அப்பீல் பலவீனப்படுவதும் இல்லை. ஆனால் அங்கே எதற்கு உடன்படுகிறீர்கள், என்ன சொல்கிறீர்கள், எது எழுத்தில் பதிவாகிறது என்பவை அப்பீலைப் பாதிக்கும். ஆகவே போகத்தான் வேண்டும், ஆயத்தத்தோடு போகவேண்டும்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில் யூனிவேர்சல் கிரெடிற் பெறுபவர்களுக்கானது. வட அயர்லாந்தில் முறை ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் படிவங்களும் தீர்ப்பாயமும் வேறு.

முதலில்: எந்த முடிவை எதிர்க்கிறீர்கள்?

உதவி மறுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பிப் எனப்படும் உதவியும் வேலைத்திறன் மதிப்பீடும் இரண்டு வேறு விடயங்கள். பிப் உங்கள் அன்றாட வாழ்வையும் நடமாட்டத்தையும் பார்ப்பது. வேலை செய்பவர்களும் அதைப் பெறலாம். பிப் மறுக்கப்பட்டு அதற்கு அப்பீல் போட்டிருந்தால், அந்த அப்பீலுக்கும் ஜொப்சென்ரர் நேர்காணலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உடல்நிலை விடயத்தில் நேர்காணல் கடமையைத் தீர்மானிப்பது வேலைத்திறன் மதிப்பீடு. யூசி50 படிவம் நிரப்பி அனுப்பி, ஒரு சுகாதாரப் பணியாளர் தொலைபேசியிலோ நேரிலோ கேள்வி கேட்டாரே, அதுதான்.

அந்த மதிப்பீட்டின் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும்.

வேலைக்குத் தகுதியானவர்: மதிப்பீட்டில் தேவையான 15 புள்ளிகளை எட்டவில்லை என்று பொருள். வேலை தேடுதல், வேலைக்குத் தயாராக இருத்தல், நேர்காணல் எல்லாமே உங்கள் மேல் விழும்.

மட்டுப்படுத்தப்பட்ட வேலைத்திறன், சுருக்கமாக எல்சிடபிள்யூ: வேலை தேடத் தேவையில்லை. ஆனால் நேர்காணலுக்கு வரவேண்டும், பயிற்சி போன்ற ஆயத்த வேலைகள் செய்யச் சொல்லலாம்.

மட்டுப்படுத்தப்பட்ட வேலைத்திறனும் வேலை ஆயத்தத்திறனும், எல்சிடபிள்யூஆர்ஏ: நேர்காணல் உட்பட எந்தக் கடமையும் இல்லை. மேலதிகத் தொகையும் கிடைக்கும்.

முதலாவது முடிவு வந்தவர்களும், இரண்டாவது வந்து மூன்றாவதைக் கேட்பவர்களும் அப்பீல் காலம் முழுக்க நேர்காணலுக்குப் போகவேண்டியவர்கள். இரண்டாவது குழுவினருக்கு ஒரு எச்சரிக்கை. தீர்ப்பாயம் முழு முடிவையும் திறந்து பார்க்கலாம், கையில் இருக்கும் எல்சிடபிள்யூவும் போகக்கூடும். அப்பீல் படிவம் அனுப்புமுன் ஒரு ஆலோசகரிடம் காட்டுவது நல்லது.

முன்பு வேலை செய்து காப்புறுதிப் பங்களிப்பு கட்டியதன் பேரில் நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ என்ற சுகவீன உதவிப்பணம் பெற்றவர்களின் நிலை வேறு. வேலைக்குத் தகுதி என்ற முடிவுக்கு அப்பீல் போட்டு, ஃபிற் நோட் என்ற மருத்துவச் சான்றும் தொடர்ந்து கொடுத்தால், பெரும்பாலும் அடிப்படை வீதத்தில் அந்தப் பணம் அப்பீல் முடியும்வரை வரும். 2020ஆம் ஆண்டு கொனர் வழக்கில் உயர்நீதிமன்றம் தந்த தீர்ப்பின் பின், இப்படி அப்பீல் காலப் பணம் கிடைக்கக்கூடியவர்கள் முடிவைத் திரும்பப் பார்க்கக் கேட்கும் மறுபரிசீலனைப் படி இல்லாமல் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் யூனிவேர்சல் கிரெடிற்றும் சேர்த்து வாங்குபவர் என்றால் அதன் கடமைகள் உங்களுக்கும் உண்டு.

கெடுக்கள்

முடிவுக் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். கடிதத்தில் மேண்டேற்றரி ரீகன்சிடரேஷன் என்று போட்டிருப்பது இதுதான். ஜேர்னலில் எழுதினாலே போதும். ஆனால் வேர்க் கோச்சிடம் வாயால் "எனக்கு இந்த முடிவு சரியில்லை" என்று முறையிடுவதை நம்பி இருந்துவிடாதீர்கள். வேர்க் கோச்சுக்கு மதிப்பீட்டு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை. "இன்ன திகதி முடிவுக்கு மறுபரிசீலனை கோருகிறேன்" என்று அந்தச் சொல்லையே போட்டு எழுதுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் அதே செய்தியில் கேளுங்கள்.

மறுபரிசீலனையின் பதில் வந்த திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அப்பீல். இணையத்தில் போடலாம், அல்லது எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்தில் தபாலில் அனுப்பலாம். இரண்டு கெடுக்களையும் தக்க காரணம் சொல்லி 13 மாதம் வரை நீட்டிக் கேட்க வழி உண்டு. அதை நம்பித் தாமதிக்க வேண்டாம்.

முடிவு வந்த முதல் வாரத்தில் செய்யவேண்டியவை

ஒன்று, ஃபிற் நோட். பலரும் இன்னும் சிக் நோட் என்றே சொல்வார்கள். தகுதி என்ற முடிவு வந்ததும் சில ஜீபிக்கள் (குடும்ப வைத்தியர்கள்) இனி நோட் தேவையில்லை என்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அந்த முடிவு பற்றிய கடிதம் போயிருக்கலாம். "நான் முடிவை எதிர்த்திருக்கிறேன், வேலை தேடும் கடமையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க இந்த நோட் தேவை" என்று விளக்குங்கள். 2022 யூலை முதல் தாதி, மருந்தாளர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோரும் இதில் ஒப்பமிடலாம், ஆகவே ஜீபி அப்பொயின்ற்மென்ற் கிடைக்காவிட்டால் அதே கிளினிக்கில் இவர்களில் ஒருவரைக் கேளுங்கள். நோட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கும். "வேலைக்குத் தகுதியில்லை" என்பது ஒன்று, "சில மாற்றங்களோடு தகுதியாகலாம்" என்பது மற்றது. எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். ஒரு நோட் முடியும் திகதிக்கும் அடுத்தது தொடங்கும் திகதிக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி விடவேண்டாம்.

இரண்டு, வேலைத் தேடலை நிறுத்தும்படி எழுத்தில் கேட்பது. யூனிவேர்சல் கிரெடிற் ஒழுங்குவிதிகள் 2013இன் 99ஆம் விதி இதற்கான கதவு. சுகவீனமான ஒருவரிடம் வேலை தேடச் சொல்வது நியாயமற்றது என்று கண்டால் அந்தக் கடமையை நிறுத்தி வைக்கலாம் என்று அது சொல்கிறது. தகுதி என்று முடிவானவர் விடயத்தில் இது வேர்க் கோச்சின் விருப்புரிமை. தானாகக் கிடைக்காது, கேட்டால்தான் கிடைக்கும். ஜேர்னல் செய்தியில் நான்கு விடயங்கள் இருக்கட்டும்: எந்தத் திகதி முடிவை எதிர்க்கிறீர்கள், ஃபிற் நோட் எந்தத் திகதி வரை, வேலை தேடுவதால் உடலுக்கோ மனதுக்கோ என்ன கேடு வரும், 99ஆம் விதியின் கீழ் வேலைத் தேடலையும் வேலைக்குத் தயாராக இருக்கும் கடமையையும் நிறுத்தும்படி கோரிக்கை. மறுத்தால் காரணத்தை ஜேர்னலிலேயே எழுதும்படி கேளுங்கள். வாய்மொழி மறுப்பு பின்னால் யாருக்கும் நினைவிருக்காது.

மூன்று, நேர்காணல் நடக்கும் விதத்தை மாற்றக் கேட்பது. சமத்துவச் சட்டம் 2010இன் கீழ் இயலாமை உள்ளவருக்கு நியாயமான மாற்றங்கள் செய்யவேண்டிய கடமை ஜொப்சென்ரருக்கு உண்டு. தொலைபேசி அல்லது காணொளி நேர்காணல், மருந்து வேலை செய்யத் தொடங்கும் பிற்பகல் நேரம், கீழ்த்தளம், காத்திருக்க அமைதியான இடம், துணைக்கு ஒருவர், வெளியே வரவே முடியாதவருக்கு வீட்டுக்கு வருதல் என்று எதையும் கேட்கலாம். பொதுவாக "எனக்கு உதவி வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "20 நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது, ஆகவே தொலைபேசி நேர்காணல் வேண்டும்" என்று காரணத்தையும் தேவையையும் ஒரே வரியில் கட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளரை, உதவிப்பணங்களை நிர்வகிக்கும் அரச திணைக்களமான டீடபிள்யூபி இலவசமாக ஏற்பாடு செய்யும், பெரும்பாலும் தொலைபேசி வழியாக. முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகும் வழக்கத்தை இந்த விடயத்தில் விட்டுவிடுங்கள். மலசலக் கட்டுப்பாடு, தற்கொலை எண்ணம், போரில் நேர்ந்தவை போன்றவற்றைப் பெற்ற பிள்ளைக்கு முன்னால் யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். சொல்லாதது பதிவாகாது.

உடன்படிக்கை: ஒப்புக்கொள்ளுமுன்

முதல் நேர்காணலிலேயே, நீங்கள் செய்யவேண்டிய கடமைகளைப் பட்டியலிடும் உடன்படிக்கையான புதிய கிளெய்மன்ற் கமிற்மென்ற் திரையில் வரும். நேர்காணலை விட இதுதான் முக்கியம், ஏனென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு தண்டமும் இதில் எழுதியதை வைத்தே போடப்படும்.

வழமையாக அதில் வாரம் 35 மணித்தியாலம் வேலை தேடவேண்டும் என்று இருக்கும். அது கல்லில் செதுக்கிய எண் இல்லை. 88ஆம் விதி, உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவருக்கு நியாயமான குறைந்த மணித்தியாலத்தை வைக்க இடம் தருகிறது. 97ஆம் விதி, உங்கள் குறைபாட்டால் செய்ய முடியாத வகை வேலைகளையும் போக முடியாத இடங்களையும் விலக்கச் சொல்கிறது. வேலைத் தேடலை முழுக்க நிறுத்த மறுத்தால் இந்த இரண்டையும் கேளுங்கள். "பாரம் தூக்கும் வேலை, தொடர்ந்து நிற்கும் வேலை விலக்கு, வாரம் 4 மணித்தியாலம், பயணம் 30 நிமிடத்துக்குள்" என்று உங்கள் எண்களோடு போங்கள். எண் இல்லாமல் போனால் அவர்கள் எண்தான் நிற்கும்.

திரையில் வந்ததை அங்கேயே அழுத்தி ஏற்கவேண்டும் என்று இல்லை. வீட்டுக்குப் போய் வாசிக்க நேரம் கேளுங்கள். ஏற்பதற்குப் பொதுவாக 7 நாள் தருவார்கள். இன்னொரு அதிகாரியின் இரண்டாவது பார்வையையும் கேட்கலாம். ஆனால் ஏற்காமலே விட்டால் முழுக் கோரிக்கையும் மூடப்படலாம், வீட்டு வாடகைப் பகுதி உட்பட. கெடு முடியும் நாளில் திருத்தம் கிடைக்காவிட்டால் ஏற்றுக்கொண்டு, அன்றே ஜேர்னலில் இப்படி எழுதுங்கள்: பணம் நிற்காமல் இருக்கவே ஏற்கிறேன், இன்ன இன்ன கடமைகள் என் உடல்நிலைக்குப் பொருந்தாது, மறுபரிசீலனை நடக்கிறது. தீர்ப்பாயத்தில் "இவர் 35 மணித்தியாலத்துக்கு ஒத்துக்கொண்டாரே" என்ற கேள்வி எழுந்தால் அந்த வரிதான் பதில்.

நேர்காணல் அறையில்

பெரும்பாலான சந்திப்புகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கையில் கொண்டுபோகவேண்டியவை: ஃபிற் நோட்டின் பிரதி, மருந்துப் பட்டியல், வரப்போகும் வைத்தியசாலை அப்பொயின்ற்மென்ற் கடிதங்கள், மறுபரிசீலனை அல்லது அப்பீல் போட்டதற்கான அத்தாட்சி, உங்கள் கேள்விகள் எழுதிய ஒரு தாள். துணைக்கு வருபவர் குறிப்பு எடுக்கட்டும்.

உள்ளே போனதும் "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்பார்கள். எம்மவர்கள் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருக்கிறேன்" என்பார்கள். அது எங்கள் மரியாதை. கணினியில் அது "நலமாக இருப்பதாகச் சொன்னார்" என்று ஏறலாம். பொய்யும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். "இன்றைக்கு வலி கூட, காலையில் மருந்து போட்டுத்தான் வந்தேன், மகன் காரில் கொண்டுவந்து விட்டார்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். நல்ல நாள் என்றால் நல்ல நாள் என்றே சொல்லி, வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யூசி50இல் எழுதியதும் இங்கே சொல்வதும் ஒன்றுக்கொன்று முட்டக்கூடாது. போகுமுன் அந்தப் படிவத்தின் பிரதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

"வேலை செய்ய விருப்பமா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். விருப்பம் வேறு, இயலுமை வேறு. "விருப்பம் இருக்கிறது, இப்போதைய நிலையில் இயலாது, காரணம் இது" என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் யாராலும் திரிக்க முடியாது. வேலை செய்யவே மாட்டேன் என்ற தொனி எதற்கும் உதவாது.

பயிற்சி வகுப்பு, சீவீ எழுதும் பட்டறை, வெளி நிறுவனத்துக்கு அனுப்புதல் போன்றவை சொல்லப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது கட்டாயமா, விருப்பத் தெரிவா? எங்கே, எத்தனை மணித்தியாலம்? என் உடல்நிலை பற்றி அவர்களுக்கு என்ன சொல்லப்படும்? பதிலை ஜேர்னலில் போடும்படி கேளுங்கள். கட்டாயமற்ற ஒன்றைக் கட்டாயம் என்று நினைத்துப் போய் உடைந்துபோனவர்களும் உண்டு, கட்டாயமானதை விருப்பத் தெரிவு என்று விட்டுத் தண்டம் வாங்கியவர்களும் உண்டு.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. வேர்க் கோச் உங்கள் எதிரியுமல்ல, நண்பருமல்ல. அவர் மேசையில் நாள் முழுக்க ஆட்கள். மதிப்பீட்டாளர் மேல் உள்ள கோபத்தை அவரிடம் கொட்டினால் 99ஆம் விதி விருப்புரிமையைப் பயன்படுத்தும் மனம் அவருக்கு வராது.

வீடு திரும்பிய அன்றே ஜேர்னலில் ஐந்து வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு நேர்காணல், எப்படி வந்தீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், என்ன பேசப்பட்டது, அதன்பின் உடல்நிலை என்ன ஆனது. இந்தப் பழக்கத்தின் பயன் கடைசிப் பகுதியில் வரும்.

போக முடியாத நாள் வந்தால்

நேர்காணல் நேரத்துக்கு முன்னர் தெரிவிப்பதே அடிப்படை. ஜேர்னலில் எழுதுங்கள், கூடவே 0800 328 5644 என்ற இலவச இலக்கத்துக்கும் அழையுங்கள். ஜேர்னல் செய்தியை எவரும் அன்று திறக்காமலும் விடலாம். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். செய்தியில் மூன்று விடயம் போதும்: ஏன் வர முடியவில்லை, எந்த நாள் வர முடியும், தொலைபேசியில் பேச முடியுமா.

வைத்தியசாலை அப்பொயின்ற்மென்ற் மோதினால் கடிதத்தைப் படமெடுத்து ஏற்றுங்கள். வலிப்பு, ஆஸ்துமா, பீதித் தாக்கம் போன்று அறிவிக்கவே முடியாத நிலை வந்தால், முடிந்த முதல் நேரத்தில் எழுதுங்கள். 111 என்ற மருத்துவ ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்ததோ அவசரப் பிரிவுக்குப் போனதோ பதிவாக இருக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

தவறவிட்டதும் "ஏன் வரவில்லை" என்று கேட்டு ஜேர்னலில் ஒரு பணி வரும். இதற்குப் பதில் எழுதாமல் விடுவதுதான் பெரிய இழப்புக்கு வழி. தக்க காரணம் என்றால் என்ன என்று சட்டம் பட்டியல் போடவில்லை, எல்லாச் சூழ்நிலையையும் பார்க்கவேண்டும். ஆனால் எழுதாத சூழ்நிலையை யாரும் பார்க்க முடியாது. ஜேர்னல் பார்க்க முடியாத மனநிலை என்றால் அதையே முன்கூட்டிப் பதிவு செய்து, அழைப்பு அல்லது கடிதம் மூலம் தெரிவிக்கும்படி மாற்றம் கேளுங்கள். உங்களுக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் ஜேர்னலில் அனுமதி எழுதவேண்டும்: அவர் பெயர், என்ன விடயம், எவ்வளவு காலம்.

சாங்ஷன் எனப்படும் பணக்குறைப்புத் தண்டம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

வேலை தேடும் கடமை உள்ளவரோ எல்சிடபிள்யூ குழுவில் உள்ளவரோ நேர்காணலைத் தக்க காரணமின்றித் தவறவிட்டால், மீண்டும் கடமையைச் செய்யும் நாள் வரை நாளுக்கு நாள் குறைப்பு ஓடும். அதன் மேல் நிலையான ஒரு தொகுதி: முதல் முறை 7 நாள், ஓராண்டுக்குள் இரண்டாம் முறை 14, அதன்பின் 28.

25 வயதோ அதற்கு மேலோ உள்ள தனியாளின் அடிப்படைத் தொகை 2025-26இல் மாதம் 400.14 பவுணாக இருந்தது. நாளுக்குச் சுமார் 13 பவுண். 3ஆம் திகதி தவறவிட்டு 13ஆம் திகதி புதிய நேர்காணலுக்குப் போனால் 10 நாளும் மேலே 7 நாளும், மொத்தம் 17 நாள். ஏறக்குறைய 220 பவுண் போகும். 13ஆம் திகதிக்குப் பதில் 4ஆம் திகதியே அழைத்துப் புதிய நேரம் வாங்கி அன்றே பேசியிருந்தால் 8 நாளோடு நின்றிருக்கும். அதனால்தான் தவறிய மறுநாள் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கக்கூடாது. சாங்ஷன் அடிப்படைத் தொகையை வைத்தே கணக்கிடப்படும், வாடகைப் பகுதியையோ பிள்ளைகளுக்கான பகுதியையோ வைத்து அல்ல.

சாங்ஷனுக்கும் மறுபரிசீலனையும் அப்பீலும் உண்டு. அது வேலைத்திறன் முடிவு மேலான அப்பீலிலிருந்து வேறானது, தனியாகப் போடவேண்டும். வழமையான ஒரு மாதம் கடந்திருந்தாலும் கைவிடாதீர்கள், சாங்ஷன் முடிவை எப்போதும் மீளப் பார்க்க விதிகளில் இடம் இருக்கிறது. சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் ஹார்ட்ஷிப் கொடுப்பனவு கேட்கலாம். வெட்டிய தொகையில் 60 வீதம் கிடைக்கும், ஆனால் அது கடன், பின்னால் கழித்துக்கொள்வார்கள். விண்ணப்பிக்குமுன் வந்த 7 நாளின் கடமைகளை நிறைவேற்றியிருக்கவும் வேண்டும்.

நேர்காணல் தாள்களை அப்பீல் சான்றாக மாற்றுவது

நீதவானும் ஒரு மருத்துவரும் இருந்து கேட்கும் தீர்ப்பாயம், முடிவு எடுக்கப்பட்ட நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதைத்தான் பார்க்கும். நேர்காணல்கள் அதற்குப் பின் நடப்பவை. பிறகு எப்படிப் பயன்படும்?

வழி இரண்டு. முதலாவது, 17 செயற்பாடுகளுக்கான புள்ளிகள். 50 மீற்றர், 200 மீற்றர் நடத்தல், இருத்தலும் நிற்றலும், தெரியாத இடத்துக்குத் தனியே போதல், அந்நியரோடு பழகுதல் எல்லாம் அதில் வரும். முடிவுக்கு இரண்டு வாரம் பின்னர் ஜொப்சென்ரருக்குப் போனபோது பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து வாசல் வரை மூன்று தரம் நின்றீர்கள் என்றால், இரண்டு வாரம் முன்பும் நிலை அதுவே என்று காட்ட அது துணை செய்யும். "இந்த நிலை முடிவுத் திகதியிலும் இருந்தது" என்ற வாக்கியத்தை நீங்கள் சேர்த்து எழுதவேண்டும், இல்லாவிட்டால் பிந்திய சான்று என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒருமுறை போய்வந்ததால் அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடந்தீர்கள் என்றால் அதுவும் பெறுமதியான பதிவு. ஒரு செயலைத் திரும்பத் திரும்ப, நியாயமான விதத்தில் செய்ய முடியுமா என்பதே கேள்வி. ஒருநாள் செய்துவிட்டது விடையாகாது.

இரண்டாவது, கணிசமான ஆபத்து என்ற வாதம். புள்ளிகள் கிடைக்காவிட்டாலும், வேலை செய்வதோ ஆயத்த வேலை செய்வதோ உங்களுக்கோ பிறருக்கோ கணிசமான ஆபத்து என்றால் எல்சிடபிள்யூ அல்லது எல்சிடபிள்யூஆர்ஏ குழுவுக்குள் எடுக்கலாம். இதற்கு, உங்களிடம் உண்மையில் என்ன செய்யச் சொல்வார்கள் என்று தெரியவேண்டும். 2014ஆம் ஆண்டு மேல்நிலைத் தீர்ப்பாயத்தின் ஐஎம் வழக்கில், உரிமைகோருபவரின் பகுதியில் எந்த வகை ஆயத்த வேலைகள் கேட்கப்படுகின்றன என்ற தகவலை டீடபிள்யூபி தரவேண்டும் என்று முடிவானது. இப்போது உங்கள் கையிலுள்ள கமிற்மென்ற் எதைக் காட்டுகிறது? வாரம் 35 மணித்தியாலம், இரு வாரத்துக்கு ஒருமுறை நேரில், குழுப் பயிற்சி. கூட்டத்தில் பீதித் தாக்கம் வரும் ஒருவருக்குக் குழுப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது என்ற அந்தத் தாளே சான்று. நல்ல மருத்துவக் கடிதம் ஒன்று வேண்டும் என்றால் அந்தக் கமிற்மென்ற்றை ஜீபியிடமோ மனநலத் தாதியிடமோ காட்டி, "இதைச் செய்தால் எனக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "இவர் வேலை செய்ய முடியாது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை விட அது பலமடங்கு எடை கூடியது.

ஜேர்னலின் ஒவ்வொரு பக்கத்தையும் திரைப்பிடிப்பு எடுத்துத் திகதி வாரியாக வையுங்கள். கோரிக்கை ஏதாவது காரணத்தால் மூடப்பட்டால் பழைய பதிவுகளைப் பார்ப்பது சிக்கலாகலாம்.

தீர்ப்பாயம் நெருங்கும்போது

அப்பீல் படிவத்தில் வாய்மொழி விசாரணையைத் தெரிவு செய்யுங்கள். தாள்களை மட்டும் வாசித்துத் தீர்ப்பளிப்பதை விட, உங்களைக் கண்டு கேட்டால் வெல்லும் வாய்ப்பு அதிகம். மொழிபெயர்ப்பாளர் பகுதியில் மொழியோடு பேச்சுவழக்கும் கேட்பார்கள். இலங்கைத் தமிழ் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் "கதைக்கிறது", "ஏலாது" போன்ற சொற்களில் இழுபறி வரக்கூடும். விசாரணை நாளில் உறவினர் மொழிபெயர்க்க விடமாட்டார்கள்.

விசாரணைத் திகதியும் ஜொப்சென்ரர் நேரமும் மோதினால் அறிவித்தல் கடிதத்தை ஜேர்னலில் ஏற்றி நேரத்தை மாற்றுங்கள். இடையில் உடல்நிலை மோசமானால் அல்லது புதிய நோய் கண்டால் அதை மாற்றமாக அறிவித்துப் புதிய மதிப்பீடு கேட்கலாம், பழைய அப்பீலைக் கைவிடத் தேவையில்லை. 2026 ஏப்ரல் 6 முதல் எல்சிடபிள்யூஆர்ஏ குழுவுக்குள் புதிதாக வரும் பெரும்பாலானோருக்கு மேலதிகத் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டுள்ளதால், அதற்கு முந்திய முடிவு ஒன்றின் அப்பீலை விட்டுக்கொடுக்குமுன் இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அல்லது சட்ட மையம் ஒன்றில் கட்டாயம் கேளுங்கள்.

விசாரணைக்கு முன் டீடபிள்யூபியிலிருந்து அழைத்து, முடிவை மாற்றுகிறோம் என்று சொல்லக்கூடும். உங்களுக்குச் சாதகமாக முடிவு மாறினால் இருக்கும் அப்பீல் அத்தோடு காலாவதியாகும். நீங்கள் கேட்டது எல்சிடபிள்யூஆர்ஏ, தருவது எல்சிடபிள்யூ என்றால் நேர்காணல் கடமை தொடரும். தொலைபேசியில் சரி சொல்லாமல், எழுத்தில் தரும்படி கேட்டு, ஆலோசகரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வென்றுவிட்டால் தீர்ப்புத் தாளை அன்றே ஜேர்னலில் ஏற்றி மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கமிற்மென்ற்றை மாற்றி நேர்காணல்களை நிறுத்துதல், கடந்த காலத்துக்கான நிலுவைப் பணம், அந்தக் காலத்தில் போட்ட சாங்ஷன்களை மீளப் பார்த்தல். மூன்றாவதைத் தாமாக எவரும் செய்யமாட்டார்கள். கமிற்மென்ற் திரையில் மாறும்வரை, ஏற்கெனவே கொடுத்த நேர்காணல் நேரம் ஒன்று நிலுவையில் இருந்தால் அதற்குப் போங்கள், அல்லது அது நீக்கப்பட்டதை ஜேர்னலில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.